ரீகா, சிம் அட்டை, தனியுரிமை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாள ஆவணம் கேட்பது எப்போது தொடங்கியது? (பீனிக்ஸ்)

பதில்: சிம் பதிவையும் தொலைத்தொடர்பை ஒட்டுக்கேட்பதையும் ஒழுங்குபடுத்தும் தென்னாப்பிரிக்காவின் ரீகா (RICA) சட்டம் 2002ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிம் பதிவு 2009 ஜூலையில் தொடங்கியது. பழைய எண்களுக்கான கெடு 2011 ஜூன் இறுதியில் முடிந்தது.

கேள்வி: சென்னையிலிருந்து வரும் நண்பருக்கு என் பெயரிலேயே சிம் வாங்கித் தரலாமா? (மெரிபேங்க்)

பதில்: வேண்டாம். அவருடைய கடவுச்சீட்டைக் கொண்டே பதிவு செய்யலாம். குடும்பத்தினர் அல்லாதவருக்கு இயங்கும் சிம்மைக் கொடுத்தால், அவருடைய விவரங்களை நிறுவனத்திடம் உடனே தெரிவிக்கும் கடமை உங்களுடையது. உங்கள் பெயரில் உள்ள எண் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: டாக்சி நிலையத்தில் ஏற்கெனவே ரீகா செய்த, அதாவது வேறொருவர் பெயரில் பதிவான சிம் கிடைக்கிறது. அதை வாங்கினால் அரசுக்கு என்னைத் தெரியாதல்லவா? (லெனேசியா)

பதில்: இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினாலும் மீண்டும் வருகிறது. அந்த எண் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது, அவ்வளவே. உங்கள் கைப்பேசிக்கென்று, அந்தக் கருவியை அடையாளம் காட்டும் தனி ஐஎம்இஐ (IMEI) எண் உண்டு; எந்தக் கோபுரத்தோடு அது இணைகிறது என்பதும் பதிவாகிறது; சிம்மை மட்டும் மாற்றினால் இவை மறைந்துவிடா. அது மட்டுமன்று, பதிவில் உள்ளவர் நாளை அந்த எண்ணைத் தமக்கு மாற்றிக்கொண்டால், உங்கள் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அவர் கைக்குப் போகும். எண் என்னுடையது என்று மெய்ப்பிக்க உங்களிடம் எந்தச் சான்றும் இராது. எனக்கு உண்மையான கோபம் இந்தச் சட்டம் நடைமுறையில் இயங்கும் விதத்தின் மீதுதான். முகவரிச் சான்று மகன் பெயரில் இருக்கிறது என்பதற்காக ஒரு மூதாட்டியைக் கடையிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள். அதே தெருவில் போலிப் பெயர்களில் பதிவான சிம்கள் கட்டுக்கட்டாக விற்கின்றன. குற்றவாளியைப் பிடிப்பதற்கென்று இயற்றிய சட்டம், நேர்மையானவர்களின் விவரங்களைத் திரட்டுவதோடு நின்றுவிட்டது.

கேள்வி: காவல்துறை என் கைப்பேசியைப் பார்க்க முடியுமா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: உரையாடலைக் கேட்பதா, அழைப்புப் பட்டியலைப் பெறுவதா என்று நீங்கள் எழுதவில்லை, இரண்டும் வேறு. உரையாடலை ஒட்டுக்கேட்க ரீகாவின் கீழ் நியமிக்கப்பட்ட நீதிபதியின் ஆணை வேண்டும். யாரை, எப்போது அழைத்தீர்கள் என்ற விவரத்தையோ, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவைக் கொண்டு, ஒரு மாஜிஸ்திரேட் வழியாகவே பெற்றுவிடலாம். நிறுவனங்கள் அவ்விவரத்தை 3 முதல் 5 ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும். ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னர்கூட அதைத் தெரிவிக்காதது அரசியலமைப்புக்கு முரண் என்று, அமாபுங்கானே இதழியல் மையம் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணை முடிந்த 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், நீதிபதி அனுமதித்தால் மட்டுமே அதைத் தள்ளிப்போடலாம் என்றும் இடைக்கால ஏற்பாடு செய்தது.

கேள்வி: கைப்பேசி திருடு போயிற்று, சிம்மை முடக்கிவிட்டேன். அது போதுமா? (டோங்காட்)

பதில்: போதாது. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது ரீகாவின்படி கட்டாயம். வழக்கு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.