கொஸ்லாந்தை வழியாகவே திரும்பி வாருங்கள்

அன்புள்ள அக்கா,

கொஸ்லாந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். டிசம்பர் விடுமுறைக்கு அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாருமாக மானிப்பாயிலிருந்து பண்டாரவளைக்கு வருகிறோம். சிநேகிதி ஒருத்தி வீட்டில் இரண்டு இரவு தங்கல். நடுவில் ஒரு முழுநாள் இருக்கிறது, வான் வண்டியும் பிடித்தாயிற்று. எல்லப் பக்கம் போய் ஒன்பது வளைவுப் பாலமும் நீர்வீழ்ச்சியும் பார்ப்பது என்று தங்கச்சி பட்டியல் போட்டுவிட்டாள். அம்மாவுக்குப் பழைய காலத்து இடம் ஒன்றாவது பார்க்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் நோ, ஏற்றம் ஏற மாட்டார்.

உங்கள் கட்டுரையை வாசித்த பிறகு எனக்கு ஒரு சங்கடம். ஆட்கள் மண்ணுக்குள் போன மலைக்கு நாங்கள் அழகு பார்க்க வருவது சரியா? மீரியபெத்தைக்குப் போய் ஒரு பூ வைத்துவிட்டு வரலாம் என்றும் நினைத்தேன். செத்தவீட்டில் விடுப்புப் பார்க்கப் போனது போல ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று சொல்லுங்கோ.

— மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில், வாருங்கள். மலையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த எனக்கே மழை விட்ட மறுநாள் காலையில் எதிர்மலை கழுவிவிட்டது போல நிற்கும்போது கையில் இருக்கிற வேலை ஓடாது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்களும் நின்று பார்க்கிறவர்கள்தான். எங்கள் மலை அழகில்லை என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆனால் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். போன வழியே திரும்பி வராதீர்கள். எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குங்கள், கொஸ்லாந்தை வழியாக ஏறி வாருங்கள். பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, புதுருவகல, மறுபடி வெல்லவாய, தியலும, கொஸ்லாந்தை, பெரகல, ஹப்புத்தளை, பண்டாரவளை. நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் வரும். 'வந்த வழிதான் கிட்ட' என்று வான்காரர் சொல்லக்கூடும். அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வட்டத்தின் முதல் பாதியை எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டாம் பாதியைப் பார்க்காமல் போனால் மலையகத்துக்கு வந்ததாக நான் எண்ண மாட்டேன்.

காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். பதுளை வீதியில் கொஞ்சத் தூரத்திலேயே தோவ விகாரை வரும். பாறையில் 38 அடி உயரப் புத்தர், செதுக்கி முடிக்காமல் விட்டது. வலகம்பா மன்னன் காலத்தது என்பது ஊர் வழக்கு. கால்மணி நேரம் போதும். பிறகு கும்பல்வெல சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் எல்ல.

எல்ல பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஊருக்குள் ஊஞ்சல் கட்டிக் காசு வாங்குகிற இடங்கள் நிறைய வந்துவிட்டன, அங்கே நேரத்தைக் கொடுக்காதீர்கள். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இறங்கி ஏற வேண்டும், அப்பாவுக்குச் சரிவராது. நீங்களும் தங்கச்சியும் ஆட்டோவில் போய் வாருங்கள், பெரியவர்கள் கடையில் தேத்தண்ணி குடிக்கட்டும். 1921இல் கட்டி முடித்த பாலம். முதல் உலகப் போரினால் உருக்கு வராமல் போய்விட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, உருக்கே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியதுதான். மேலே நின்று படம் எடுக்கிறவர்கள் வளைவின் அடியைப் பார்ப்பதில்லை. தங்கச்சியைக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஒரு தூணின் அடியில் நிற்கவைத்து மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிற வீதி நல்ல சரிவு. 2025 செப்டம்பரில் ஒரு பஸ் இந்த வீதியில் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். சிறிய கியரிலேயே இறக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்துகிற பின் வண்டிக்கு ஒதுங்கி வழி விடச் சொல்லுங்கள். இராவணன் நீர்வீழ்ச்சி வீதி ஓரத்திலேயே இருக்கிறது, அப்பா வானுக்குள் இருந்தபடியே பார்க்கலாம். குரங்குகள் இருக்கும், சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு காது அடைக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் சுவெட்டர் குளிரிலிருந்து வேர்வைக்கு வந்துவிடுவீர்கள்.

அம்மா கேட்ட இடம் புதுருவகல. வெல்லவாய தாண்டி, தணமல்வில வீதியில் கொஞ்சம் போய் உள்ளே திரும்ப வேண்டும். சமதரையில்தான் நடை, அப்பாவும் வரலாம். மரங்களுக்கு நடுவே நடந்து போனால் திடீரென்று ஒரு பாறை, அதில் ஏழு உருவங்கள். நடுவில் 51 அடி உயரத்தில் புத்தர் நிற்கிறார். இருபுறமும் மும்மூன்று பேர். 9ஆம் 10ஆம் நூற்றாண்டு அளவில், மகாயான பௌத்தம் இந்தத் தீவில் செல்வாக்காக இருந்த காலத்தில் செதுக்கியவை. செதுக்கிய கைகள் யாருடையவை என்று நமக்கு வந்து சேரவில்லை.

புத்தர் சிலை என்றதும் நம்மவர்களுக்கு வேறு நினைவுகளும் வரும். உங்கள் ஊரில் அது இன்னும் கூடுதலாக இருக்கும் என்று தெரியும். அதனால்தான் இதை அம்மாவிடம் சொல்லச் சொல்கிறேன். பக்கத்தில் வெள்ளைச் சாந்து பூசி நிற்கிறாரே, அவர் அவலோகிதர் என்கிற போதிசத்துவர். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்கிற இலக்கணம், அகத்தியர் தமிழ் கேட்டது இந்த அவலோகிதரிடம்தான் என்கிறது. நமக்குத் தமிழ் சொல்லித் தந்தவர் என்று நம்மவர்களே ஒருகாலத்தில் நம்பிய ஒருவர், வெல்லவாயக் காட்டுக்குள் ஆயிரம் வருடமாக நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் தாரை என்கிற பெண் தெய்வம், இடுப்பை ஒசித்து. அம்மா கோயில் சிற்பம் பார்த்துப் பழகியவர் என்றால் அந்த நிலையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

இன்னொன்று. புத்தரின் பாதத்தின் பக்கமாகப் பாறையில் விளக்குச் சுடர் வடிவத்தில் ஒரு குழி இருக்கும், ஏறக்குறைய மூன்றடி. உள்ளே கடுகெண்ணெய் மணக்கும் என்று சொல்வார்கள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தோட்டத்திலிருந்து ஒரு லொறியில் முப்பது பேர் ஏறி அங்கே போனோம். என் அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். இருபது வருடம் கொழுந்து வாடுகிற மணத்தை வைத்தே பக்குவம் சொன்ன மூக்கு. மற்றவர்கள் உயரத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்க, இவர் போய் அந்தக் குழி முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தை உள்ளே கொடுத்து மூச்சை இழுத்தார். என்னையும் இழுத்து உட்கார வைத்தார். "நல்லெண்ணெ இல்ல, கடுகுதான். எவனோ ஒருத்தன் வெளக்கு வச்சிட்டுப் போயிருக்கான்" என்றார், நேற்று மாலை வைத்துவிட்டுப் போனவனைச் சொல்வது போல. அன்றைக்கு எனக்கு அது மணந்ததா என்று கேட்டால், மணந்தது. நீங்கள் விரலை விடாமல் குனிந்து மட்டும் பாருங்கள். செருப்பைக் கழற்றுங்கள், சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

மதியத்துக்கு வெல்லவாயவில் எருமைத் தயிர் வாங்கிக் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுங்கள். பிறகு கொஸ்லாந்தை வீதியைப் பிடியுங்கள்.

தியலும முதலில் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். 220 மீற்றர், இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. வெயில் காலத்தில் வந்தவர்கள் நூல்போல இருந்தது என்று ஏமாந்து போவார்கள். நீங்கள் வருவது ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு, அதனால் பெருகி விழும். வீதியில் நின்றாலே காற்றோடு தூவானம் முகத்தில் அடிக்கும். மேலே ஏறிக் குளிக்கிற தடாகங்களுக்குப் போக வேண்டாம், அன்றைக்கு உங்களுக்கு நேரமும் இல்லை, தண்ணீரும் நம்பத்தக்கதாக இருக்காது.

தியலுமவை நிறைக்கிற அதே பருவத்து மழைதான் 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலையை இறக்கியது. தியலுமவிலிருந்து மேலே போகப் போக இரண்டு பக்கமும் பாருங்கள். பாறையாக நிற்கிற இடம் எது, பாறைமேல் தளர்ந்த மண் போர்த்தியிருக்கிற இடம் எது என்று வித்தியாசம் தெரியும். புதுருவகலையில் உருவம் தாங்கி நிற்பது பாறை. மீரியபெத்தை லயங்கள் இருந்தது செங்குத்தான சரிவின் அடியில், மண்ணில். மழை நாட்கணக்கில் ஊறினால் அந்த மண் கனத்துப் போகும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டி, கானைத் துப்புரவாக வைத்துத் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். கான் தூர்ந்த மலையைப் பற்றித் தோட்டத்துக் கிழவர்கள் கவலையோடு பேசுவதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். ஆபத்து இருக்கிறது என்று முன்னரே சொல்லப்பட்டுத்தான் இருந்தது. போக வேறு காணி கொடுக்காமல் 'போ' என்று சொன்னால் லயத்து ஆள் எங்கே போவார்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்தக் கட்டுரையையே எழுதினேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் போனபோதும் அதே கேள்விதான் மிச்சமிருந்தது.

மீரியபெத்தைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். மேலே ஏறிப் போக வேண்டாம். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை, அந்த மண்தான் அவர்களுக்குக் குழி. உறவுக்காரர்கள் கூப்பிட்டுப் போனால் வேறு விஷயம். 2009இல் போர் முடிந்த பிறகு ஏ9 வீதியில் பஸ் பஸ்ஸாகத் தெற்கிலிருந்து ஆட்கள் உங்கள் பக்கம் வந்து, இடிந்த வீடுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்களே, அப்போது எப்படி இருந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். விடுப்புப் பார்ப்பது பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

ஆனால் கொஸ்லாந்தையைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டவும் வேண்டாம். கடைத்தெருவில் இறங்குங்கள். பிளேன்டீயும் ரொட்டியும் வாங்குங்கள். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், யாழ்ப்பாணம் என்றதும் பேச்சு நீளும். நீங்களாக அதைக் கிளறாதீர்கள், அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள். பூ கொண்டுவந்தால் அங்கே கோயில் எது என்று கேட்டு அங்கே கொடுங்கள்.

மண் சரிந்து ஒரு கிழமைக்குப் பிறகு நான் அங்கே போயிருந்தேன். தங்கவைத்திருந்த பாடசாலையில் ஓர் ஆசிரியர் கரும்பலகையில் கோடு போட்டு லயம், காம்பரா (அறை), பேர் என்று எழுதிக்கொண்டிருந்தார். செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவேட்டில், உள்ள பேர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, தோட்டத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு வயதான அம்மா பின்னாலேயே நின்று, எழுதிய பேருக்குப் பக்கத்தில் கூப்பிடுகிற பேரையும் எழுதச் சொன்னார். இடம் போதாது என்றார் ஆசிரியர். "அந்தப் பேரச் சொன்னாத்தாங்க திரும்பிப் பாப்பான்" என்றார் அந்த அம்மா. ஆசிரியர் எழுதியதை அழித்துவிட்டு, எழுத்தைச் சின்னதாக்கி, இரண்டு பேரையும் எழுதத் தொடங்கினார். அந்தப் பலகையைப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. உயிர் தப்பிய குடும்பங்களுக்குப் பின்னர் மக்கல்தெனியவில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

கொஸ்லாந்தையில் நாலு மணிக்கு மேல் நிற்க வேண்டாம். மழை பிடித்தால் வீதியில் மண்ணும் கல்லும் இறங்கும். காலையிலேயே வீதி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் இந்தப் பயணமே வேண்டாம், இன்னொரு விடுமுறைக்கு வாருங்கள்.

பெரகல சந்தியில் வலப்பக்கம் ஏறினால் ஹப்புத்தளை. முகில் மூடாமல் இருந்தால் அங்கே மேட்டில் ஓர் இடத்தில் நிறுத்துங்கள். தெற்கே காலையில் நீங்கள் வேர்த்து நின்ற பக்கம் முழுக்கக் கீழே நீலமாகக் கிடக்கும். இராவணனிலும் தியலுமவிலும் பார்த்த தண்ணீர் இரண்டும் கடைசியில் கிரிந்தி ஓயாவாகி அந்தத் திசையில்தான் கடலுக்குப் போகிறது. அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள், முழங்காலுக்கு வேலையில்லை, கண்ணாடியை இறக்கினால் போதும். அந்த நேரத்தில் அங்கே குளிர் சுள்ளென்று இருக்கும். வெல்லவாய வெக்கையில் கழற்றிப் பையின் அடியில் திணித்த சுவெட்டரைத் தேடி எடுக்க நேரம் போகும், அம்மாவுடையதை மட்டுமாவது மேலாக வையுங்கள்.

அன்புடன்,
அக்கா