டெல்மிசார்டான் போட்டும் பிரஷர் இறங்காததற்கு
தம்பி, தொண்டியில் அப்பா டெல்மிசார்டான் தவறாமல் போட்டும் பிரஷர் 160லேயே நிற்கிறது, கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கருவாட்டின் மேல்தான் சந்தேகம்.

உப்பு கூடினால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரப்பதைக் குறைத்துவிடும். அதன் வழியே உருவாகும், ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினும், உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் குறையும். இந்த மாத்திரை தடுப்பதே ஆஞ்சியோடென்சினின் வேலையைத்தான். தடுக்க அங்கே அதிகம் இல்லாதபோது அது என்ன செய்யும்? உப்பைக் குறைத்தால் ரெனின் ஏறும், மாத்திரையும் நன்றாகப் பிடிக்கும்.

எல்லாம் சேர்த்து உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். கருவாடு எப்போதாவது போதும். வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனி உப்பு போடாமல். அப்புறம், 'லோ சோடியம்' உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் இருக்கும். இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தத்தில் அது ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம்.