சுரைக்காய்க்கு ஏன் சிரித்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

மகளின் பள்ளிக்கூட வேலைக்காக இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பிரித்துக்கொண்டிருந்தோம். ஆர்மோனியத்தில் மாட்டிக்கொண்டோம். அது எதில் சேரும்? சீனர்கள் உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரைக்காய், மண், தோல், மரம் என்று எட்டாகப் பிரித்தார்களாம். சுரைக்காயெல்லாம் ஒரு வகையா என்று வீடே சிரித்தது. நம்முடையதுதானே அறிவியல்? அதைத்தானே ஐரோப்பியர் திருடிக்கொண்டார்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

திருட்டுக் கதையை விடுங்கள். 1876-இல் கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் தானே விரும்பி ஏறக்குறைய 100 கருவிகளை பெல்ஜிய மன்னருக்கு அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்த பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில்தான் அதன் பொறுப்பாளர் மஹியோன் கருவிகளை நம்மைப் போலவே நான்கு வகையாக அடுக்கினார். கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டு விருந்தாளியைத் திருடன் என்பதா?

சுரைக்காய்க்குச் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்றது. நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் சொன்ன நான்கும் வடிவத்தைப் பார்த்தவை: இழுத்துக் கட்டியது, மூடியது, கெட்டியானது, உள்ளே துளையுள்ளது. தமிழில் என்ன சொல்கிறோம்? தோல். நரம்பு. கஞ்சம், அதாவது வெண்கலம். மூன்றும் பொருளின் பெயர்கள் ஐயா! துளை ஒன்றுதான் விலக்கு. நீங்கள் சிரித்த சீனர்களுக்குப் பக்கத்துத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சீனர்களின் குச்சின் என்ற ஏழு தந்தி வாத்தியத்துக்குப் பட்டுத் தந்தி போய், நைலான் சுற்றிய எஃகு வந்தது. அது இன்னும் பட்டு வகைதான். சிரிப்பு வருகிறதா? சரி, உங்கள் வீணையில் நரம்பு எங்கே இருக்கிறது? எல்லாம் கம்பி. எந்த ஆட்டின் குடலைத் தேடுவீர்கள்? செயற்கைத் தோல் போட்ட மிருதங்கத்தைத் தோற்கருவியிலிருந்து தள்ளிவைப்பீர்களா?

சுரைக்காய் வகையில் வருவது ஷெங். சுரைக்குடுக்கையில் மூங்கில் குழல்களைச் செருகி, ஊதியும் உறிஞ்சியும் வாசிப்பது. இன்று குடுக்கை இருந்த இடத்தில் உலோகக் கிண்ணம். குழலடியில் மெல்லிய உலோக நாக்கு, காற்றில் துடிக்கும்.

ஆர்மோனியத்துக்குள்ளும் அதே நாக்குதான். என் பெரியப்பா நாடகங்களுக்குப் பெட்டி வாசித்தவர். பெட்டியைப் பிரித்துத் தூசி தட்டும் நாளில் எங்களைக் கிட்டவே விடமாட்டார். ஒரு நாள் மட்டும், என்ன நினைத்தாரோ, ஒரு ரீடைக் கழற்றி என் உதட்டில் வைத்து, “எச்சில் படாம ஊது” என்றார். பித்தளை வாடையோடு “ஙீ” என்றது. உதடு கூசியது. அப்புறம் வேட்டி நுனியில் அதைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

காற்றுக் கருவிதான், துளையில் சேருங்கள். அதற்கு முன், பெட்டி ரிப்பேர் பார்ப்பவர் யாரிடமாவது மகளைக் கூட்டிப்போங்கள். திரும்பி வந்து அவளே எழுதட்டும்; நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள்.