அப்பா கொலோனோஸ்கோபிக்கு மறுக்கிறார். ரத்தப் பரிசோதனை போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. வயதைக் காரணம் சொல்லி, பெருங்குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் கொலோனோஸ்கோபிக்கு (ஆசனவாய் வழியாக கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்ப்பது) எழுதிக் கொடுத்தார். "நல்லா இருக்கிற உடம்பை எதுக்குக் குடையணும்?" என்று அப்பா சீட்டை எடுத்து வைத்துவிட்டார். ஹெல்த் செக்கப் பேக்கேஜ் விற்கும் ஒருவர், ரத்தத்தில் 'கேன்சர் மார்க்கர்' பார்த்தாலே போதும் என்கிறார். அதற்கு மட்டும் அப்பா சம்மதிக்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த பேக்கேஜில் இருப்பது பெரும்பாலும் ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை. ஏற்கெனவே குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அது உதவும். ஆரோக்கியமாக இருப்பவரிடம் நோயைத் தேட உதவாது. புகைபிடித்தாலே அந்த அளவு கூடலாம். ஆரம்பநிலைப் புற்றுநோய் இருந்தும் இயல்பாகவே காட்டலாம். 'நார்மல்' என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டால், அப்புறம் உங்கள் அப்பாவை எந்தப் பரிசோதனைக்கும் அழைத்துப்போக முடியாது. என் கோபமெல்லாம் இதன் மேல்தான். மார்க்கர் நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். விற்றவர் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை.

2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதுவகை ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது வேறு ரகம். ஆய்வில் புற்றுநோய் இருந்தவர்களில் 83 சதவீதம் பேரைப் பிடித்தது. ஆனால் புற்றாக மாறக்கூடிய, முற்றிய பாலிப் இருந்தவர்களில் 13 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. பாலிப் என்பது குடலின் உட்சுவரில் வளரும் சின்னச் சதை. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்கூட ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். அதனால் பாலிப்பைக் கோட்டைவிடும் பரிசோதனையை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

சரி, அப்பாவை என்ன செய்வது? கொலோனோஸ்கோபிக்காக மல்லுக்கட்டாதீர்கள். ஃபிட் என்ற மலப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவை அது காட்டிக்கொடுக்கும். பத்தியம் இல்லை, பேதி மருந்து இல்லை, யார் முன்னாலும் ஆடை களைய வேண்டாம். வீட்டிலேயே ஒரு மாதிரி எடுத்தால் போதும்.

இது இரண்டாம்தரச் சமாதானம் அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், கொலோனோஸ்கோபி மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் அதைச் செய்துகொண்டார்கள். மலப் பரிசோதனையா, கொலோனோஸ்கோபியா என்று தேர்வை அவர்களிடமே விட்டபோது 69 சதவீதம் பேர் ஏதோ ஒன்றைச் செய்துமுடித்தார்கள். இது தெரிந்தும் பல மருத்துவர்கள் ஒரே ஒரு சீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு எழுதுகிறார்கள். அமெரிக்காவில் வடக்கு கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவச் சேவை நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஃபிட் பெட்டியைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பி, நினைவூட்டிக்கொண்டே இருந்தது. 2000இல் 39 சதவீதமாக இருந்த பங்கேற்பு 2015இல் 83 சதவீதத்தை நெருங்கியது. பெருங்குடல் புற்றுநோய் இறப்பு பாதியாகக் குறைந்தது. மக்கள் மாறவில்லை, அழைத்த விதம்தான் மாறியது.

மாதிரி எடுக்கும்போது மலம் தண்ணீரில் விழக்கூடாது. சுத்தமான காகிதத்தை விரித்துப் பிடித்து, குச்சியால் சுரண்டிக் குப்பியில் போட்டு மூடினால் முடிந்தது. தாமதிக்காமல் சேர்த்துவிடுங்கள், வெப்பத்தில் கிடந்தால் ரத்தம் இருந்தும் இல்லை என்று வரும்.

ஆனால் ஒன்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 'எந்தத் தொந்தரவும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்பா சொன்னதா, நீங்களாக நினைத்ததா? இந்த வயது ஆண்கள் கழிவறையில் பார்த்ததைப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். ரத்தம் போனால் 'மூலம்தான்' என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். மூலம் இருப்பவருக்கும் புற்றுநோய் வரும். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு, இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை, இதில் ஏதாவது இருந்தால் நான் மேலே சொன்னது அவருக்குப் பொருந்தாது. ஃபிட் முடிவு வரட்டும் என்று அவராகத் தள்ளிப்போடக்கூடாது. நேராக மருத்துவரிடம் போக வேண்டும். நீங்கள் கேட்டால் சொல்லத் தயங்குவார் என்றால் அம்மாவையோ சித்தப்பாவையோ கேட்கச் சொல்லுங்கள். நேரடியாகவே கேட்கட்டும், சுற்றி வளைக்க வேண்டாம். நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தாலும் கொலோனோஸ்கோபிதான்.

பெட்டியைக் கொடுக்கும் முன்பே அவரிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்: பாசிட்டிவ் வந்தால் கொலோனோஸ்கோபி. பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரும்பாலோருக்கு இருக்காது. ஆனாலும் பார்த்தே ஆகவேண்டும். 'இன்னொரு தடவை ஃபிட் செய்து பார்ப்போம்' என்று யார் சொன்னாலும், அது ஆய்வகமாகவே இருந்தாலும், கேட்காதீர்கள். பாசிட்டிவ் வந்தும் கொலோனோஸ்கோபியைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோய் அதிகமாகவும் முற்றிய நிலையிலும் காணப்பட்டது என்று 2017இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. முடிவை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு, அந்த மனிதர் அடுத்து எங்கே போனார் என்று பெரும்பாலும் எந்த ஆய்வகமும் விசாரிப்பதில்லை. அதனால் தேதி வாங்குவதையும் கூடப் போவதையும் நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். மயக்கமருந்து உண்டு, வலிக்காது. முந்தைய நாள் பேதிதான் சிரமம். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நெகட்டிவ் வந்தால் ஒரு வருடத்திலோ, அதிகபட்சம் இரண்டு வருடத்திலோ மறுபடி ஃபிட் செய்ய வேண்டும். அதுவரை எந்த பேக்கேஜும் வேண்டாம்.