மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

விமான நிலையத் தரைப்பணியில் 27 வருடம் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பயணப் பகுதி ஆலோசகர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்கு 58 வயது. மகளின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் முதல் முறையாக வெளிநாடு போகிறேன், அதுவும் தனியாக. விமானம் ஏறப் பயமில்லை. இறங்கியதும் பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் மணிக்கணக்கில் நிற்கணும், குறுக்குக் கேள்வி கேட்பார்கள் என்று ஆளாளுக்குச் சொல்லி வயிற்றைக் கலக்குகிறார்கள். என் ஆங்கிலம் ரொம்ப சுமார். ஏதாவது தப்பாகச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால்?

பதில்: பயமுறுத்தியவர்களில் எத்தனை பேர் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

வேலையில் இருந்தபோது என் பாதி நாள் அந்த ஹாலில்தான் கழியும். சக்கர நாற்காலிப் பயணிகளை அழைத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் பக்கத்திலேயே நிற்பேன். காதில் விழுந்த உரையாடல்களுக்குக் கணக்கே இல்லை. எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள். பெரும்பாலும் இந்த மூன்றோடு சரி. நான்காவதாக ஒன்று வந்தால் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்பதாக இருக்கும்.

அதிகாரி உங்களைவிடத் திரையைத்தான் அதிகம் பார்ப்பார். உங்கள் பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள். வரிக்கு 44 இடம். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, நடுவில் அம்பு முனை போலச் சின்னச் சின்னக் குறிகள். இயந்திரம் படிக்கிற வரி அது. அதைப் படித்ததும் உங்கள் விசா விவரம் அவர் முன் வந்துவிடும். நீங்கள் வாய் திறக்கும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். மிச்சம், முகம் படத்தோடு ஒத்துப்போகிறதா, சொல்வது விசாவோடு ஒத்துப்போகிறதா என்பதுதான். இலக்கணத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

தப்பு நடப்பது வேறு இடத்தில். கேட்டதற்கு மேல் சொல்லும்போது! “எத்தனை நாள்?” என்று கேட்டால் “ஆறு வாரம்” என்பதோடு நிறுத்தாமல், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நான் வந்தேன் என்று போனால் அந்த மனிதர் என்ன செய்வார்? இன்னொரு விஷயம். “குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன்” என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். நாம் வேலை என்று எதற்கெல்லாமோ சொல்வோம். வருகையாளர் விசாவோடு நிற்பவர் வாயில் அந்தச் சொல் வந்தால் அவருக்குச் சம்பள வேலை என்றுதான் கேட்கும், அடுத்த கேள்வி கிளம்பும். பொய் சொல்லச் சொல்லவில்லை. மகளைப் பார்க்கப் போகிறீர்கள், பிரசவ நேரத்தில் கூட இருக்கப் போகிறீர்கள். அதுதானே உண்மை? அதையே சொல்லுங்கள். புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். ஆமாம், இல்லை இரண்டில் எதற்கோ தலையாட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “தமிழ், இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்” என்று மூன்று சொல் போதும். பல இடங்களில் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள்.

மகள் வீட்டு முகவரி, அவள் கைபேசி எண், உங்கள் திரும்பும் டிக்கெட், விசா கடிதம், அவள் அனுப்பிய அழைப்புக் கடிதம் எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். ஒரே உறையில், தோள்பையில். பெரிய பெட்டியில் வைத்துவிடாதீர்கள், பெட்டி கைக்கு வருவது இந்தக் கவுன்ட்டரைத் தாண்டிய பிறகுதான். “கடிதம் பெட்டியில இருக்கும்மா” என்று என்னிடம் கண் கலங்கியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. செல்போனில் இருக்கிறதே என்பீர்கள். அந்த ஹாலில் சார்ஜ் தீர்ந்த செல்போனோடு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி ‘மீட் அண்ட் அசிஸ்ட்’ கேளுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகவாவது கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் கட்டணம் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். உங்களை விமான வாசலிலிருந்து அழைத்துப் போக ஆள் வருவார். நடக்க முடிகிறவர்கள் பயத்துக்காகச் சக்கர நாற்காலி கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாற்காலி பத்தாமல் நிஜமாகவே நடக்க முடியாதவர் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நாட்களைப் பார்த்ததால் சொல்கிறேன்.

சரி, ‘உள்ளே கூட்டிக்கொண்டு போய் விசாரிப்பார்கள்’ என்று யாராவது சொல்லியிருப்பார்களே? அது எனக்கே நடந்தது. சீருடை இல்லாமல், சாதாரணப் பயணியாகத் தனியே போன முதல் பயணம். நாட்டின் பெயர் வேண்டாம். அதிகாரி பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பக்கத்து அறையைக் காட்டினார். சுவரோரம் பன்னிரண்டு நாற்காலி, தண்ணீர் இயந்திரம் ஒன்று, யாரும் யாரையும் பார்க்காமல் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் அடுத்தவருக்குத் தைரியம் சொன்னவள், என் பெயரே எனக்கு மறந்துவிடும் போல இருந்தேன். ஐம்பது நிமிடம் கழித்து ஒரு பெண் அதிகாரி வந்தார். என் பெயரைப் போலவே ஒரு பெயரும் அதே பிறந்த தேதியும் கொண்ட வேறொருவர் பதிவில் இருக்கிறாராம், சரிபார்த்தார்களாம். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த அறை தண்டனைக்கான அறை இல்லை. வரிசையைத் தேக்காமல் சரிபார்க்க ஓர் இடம். அங்கே உட்காருகிறவர்களில் பலர் அடுத்த கதவு வழியாக ஊருக்குள் போகிறவர்கள்.

வரிசையில் சேரும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். விமான வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒன்று இருக்கும், எல்லோரும் முந்திக்கொண்டு ஓடும்போது கண்ணில் படாது. ஐந்து நிமிடம் பின்தங்கினால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

கேள்வி: மேற்படிப்புக்குப் போகிறேன், 22 வயது. நடுவில் விமானம் மாற 1 மணி 35 நிமிடம்தான் இருக்கிறது. இமிக்ரேஷன் வரிசை நீளமாக இருந்து அடுத்த விமானம் போய்விட்டால் என்ன செய்வது என்ற நினைப்பிலேயே தூக்கம் போச்சு.

பதில்: தம்பி, முதலில் நடுவழியில் உனக்கு இமிக்ரேஷன் உண்டா என்று பார். வெளிநாட்டிலிருந்து வந்து வெளிநாட்டுக்கே மாறுகிறவர்கள், ஒரே டிக்கெட் என்றால், பெரும்பாலான இடங்களில் பாதுகாப்புச் சோதனையோடு அடுத்த வாசலுக்குப் போய்விடலாம். முக்கியமாக இரண்டு இடத்தில் கணக்கு மாறும். ஷெங்கன் நாட்டுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளில் ஒன்றுக்குப் போகிறாய் என்றால் நீ முதலில் கால் வைக்கிற ஷெங்கன் நாட்டில்தான் பாஸ்போர்ட் சோதனை. ஃபிராங்ஃபர்ட்டில் மாறி ரோமுக்குப் போகிறவனுக்கு ஃபிராங்ஃபர்ட்டில் வரிசை, ரோமில் நேராகப் பெட்டி எடுக்கப் போகலாம். அமெரிக்காவில் மாறினால், வேறு நாட்டுக்குப் போகிறவர்கூட பொதுவாக அங்கே இமிக்ரேஷன் முடித்துத்தான் ஆக வேண்டும், அதற்கு விசாவும் வேண்டும். இதற்கு நேர் எதிராக ஒரு விசித்திரம், அபுதாபியிலும் டப்ளினிலும் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே சோதனை முடித்து ஏறினால் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கலாம்.

ஐரோப்பா என்றால் இன்னொன்று. 2025 அக்டோபர் 12 முதல் 29 நாடுகளில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையையும் முகத்தையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். குறுகிய காலத்துக்கு வருகிற வெளிநாட்டவருக்குத்தான் அது. முதல் தடவை பதிய நேரம் பிடிக்கும். நீண்ட கால மாணவர் விசாவோடு போகிறவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஆனால் அதே ஹாலில், அதே கூட்டத்துக்குப் பின்னால் நீயும் நிற்க வேண்டியிருக்கலாம். அதனால் அப்படிப்பட்ட இடத்தில் 1 மணி 35 நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. மாற்ற முடிந்தால் மாற்று.

முடியாவிட்டால்? எல்லாம் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா என்பதுதான் கேள்வியே. ஒரே டிக்கெட்டில் விட்டுப்போனால் அடுத்த விமானத்தில் உன்னை ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. மலிவாகக் கிடைத்தது என்று தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீ ‘வராத பயணி’, காசும் போச்சு. வரிசை நகரவில்லை என்றால் முன்னால் நிற்கிறவர்களிடம் கெஞ்சாதே. ஹாலில் சட்டையில் அட்டை தொங்க நடமாடும் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டு, வாசல் மூடும் நேரத்தை விரலால் காட்டு. நேரம் நெருங்கியவர்களைத் தனியே பிரித்து முன்னால் அனுப்ப எங்களிடம் அடிக்கடி சொல்வார்கள். கேட்காதவனை யாரும் பிரித்தெடுக்க மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு வயது 41. அலுவலக வேலையாகப் போய்வருகிறேன். வரிசையில் நின்றதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். இப்படி வியர்த்துக்கொட்டுவதைப் பார்த்தே என்னைச் சந்தேகப்படுவார்களோ என்ற பயத்தில் இன்னும் வியர்க்கிறது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பதில்: இரவெல்லாம் தூங்காமல் இறங்கி வருகிற 300 பேரில் பாதிப் பேர் முகம் உங்கள் முகம் மாதிரிதான் இருக்கும். ஒரு பெரியவர் பாஸ்போர்ட்டை அழுத்திப் பிடித்ததில் அட்டையே ஈரமாகி, அதிகாரி அதைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு இயந்திரத்தில் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி இல்லை.

காத்திருப்பைப் பற்றி டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கிற நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளும், பதற்றம் அதை மேலும் இழுக்கும், தனியாக நிற்பது கூட்டாக நிற்பதைவிட நீளும் என்றார். இமிக்ரேஷன் வரிசையில் நாலும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன பாருங்கள்! உங்களிடம் கோளாறு ஒன்றுமில்லை, அந்த இடம் அப்படி.

நான் செய்வதைச் சொல்கிறேன். வளைந்து வளைந்து போகும் வரிசையில் ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பம் வர எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பார்ப்பேன். மிச்சத் திருப்பங்களை எண்ணிப் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். தப்பாகத்தான் இருக்கும், இருந்தும் ‘எப்போது முடியும்’ என்கிற பூதம் சுருங்கிவிடும். படபடப்பு ஏறினால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. திடீர்ப் பதற்றம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், அதைத் துரத்தினால்தான் நீளும். விமானத்தில் கடைசியாகத் தருகிற காபியை வேண்டாம் என்று விடுங்கள்.

சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைக் கழுத்துப் பட்டை ஒன்று உண்டு. வெளியே தெரியாத சிரமம் உள்ளவர்களுக்காக 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் தெரியும். பதற்ற நோயும் அதில் அடங்கும். வரிசையைத் தாண்டிவிட உரிமை தருவதில்லை, ஊழியர் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவார். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பயணம் இல்லாத நாட்களிலும் இது வருகிறதென்றால் மருத்துவரைப் பாருங்கள். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையை முதல் முறையாக விமானத்தில் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். தள்ளாடிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தவரைத் தாங்கிப் பிடித்த கை இது. மனைவியிடம் சொல்லிவிடுங்கள் சார்.

கேள்வி: இறங்குவதற்கு முன் இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். ஒரு தளம் அதற்குக் காசு கேட்கிறதே?

பதில்: மூடிவிடுங்கள், அது போலி அல்லது தரகர் தளம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அந்தந்த அரசின் தளத்தில் இலவசம். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல். படிவம் என்பது விசா இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காகிதப் படிவம் கேட்கும் நாடுகளும் இருக்கின்றன, பேனா ஒன்று கையில் இருக்கட்டும். என் பேனாக்கள் எத்தனை நாட்டில் தங்கிவிட்டனவோ!

கேள்வி: அம்மாவுக்குக் கைரேகையே விழுவதில்லை. எத்தனையோ வருடம் பாத்திரம் தேய்த்த கை. தனியாகப் போகிறார், அங்கே மாட்டிக்கொள்வாரோ?

பதில்: மாட்ட மாட்டார். ரேகை தேய்ந்த விரல்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ரேகை கிடைக்காவிட்டால் முகப்படம் இருக்கிறது, விசா விவரம் இருக்கிறது, கொஞ்சம் நேரம் கூடும். பல சமயம் சிக்கல் தேய்மானம்கூட இல்லை, வறட்சி. விமானத்துக்குள் காற்று அவ்வளவு காய்ந்திருக்கும். இறங்கும் முன் கைக்குக் கொஞ்சம் கிரீம் தடவி நன்றாக ஊறவிடச் சொல்லுங்கள், கண்ணாடியில் வழுக்கும் அளவுக்கு வேண்டாம்.

என்னோடு வந்த ஒரு பாட்டிக்கு மூன்று தடவை சிவப்பு விளக்கு. அதிகாரி பெருமூச்சு விட்டார். நான் பாட்டியிடம், விரலை நெற்றியில் ஒரு தடவை தேய்த்துவிட்டு வையுங்கள் என்றேன், நெற்றியில் எப்போதும் கொஞ்சம் பிசுக்கு இருக்கும். அவர் சாமி கும்பிடச் சொல்கிறேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது தடவை பச்சை எரிந்தது. பெட்டி வரும் வரை அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.