உங்கள் கணவரின் பயத்தை முதலில் கேளுங்கள்

சகோதரி, ஒரு வயதாகப் போகும் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி வேண்டாம், ஆட்டிசம் வந்துவிடும் என்று கணவர் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மீது கோபப்படாதீர்கள். பாசம்தான் அப்படிப் பேச வைக்கிறது. என் மகளுக்கு மூன்றாம் மாதத்தில் ஊசி போட்ட இரவு உடம்பு அனலாய்க் கொதித்தது. விடியும்வரை அவளைத் தோளிலிருந்து இறக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மாலை காய்ச்சல் விட்டு, என் விரலைப் பற்றிக்கொண்டு சிரித்தாள்.

ஆட்டிசப் பயத்தின் வேர், 1998இல் பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது! 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது; பிரிட்டனில் அவருடைய மருத்துவர் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் ஏறக்குறைய இந்த ஊசி போடும் வயதில்தான். மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

தட்டம்மையோ நிமோனியா, மூளை அழற்சி வரை கொண்டுபோகக்கூடியது. நோயாளி வெளியேறிய பிறகும் அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும்.

வீட்டில் வாதாட வேண்டாம். மருத்துவரிடம் கணவரையும் அழைத்துப் போங்கள். மனத்தில் இருப்பதை அவரே கேட்கட்டும்.