வாசிக்கிறார்கள், விளங்கவில்லை

அன்புள்ள அக்கா,

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் ஒன்பதுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பந்தியைத் தடக்காமல் வாசிக்கிறார்கள். கிரகித்தல் கேள்விக்கு வந்ததும், கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள். எல்லாம் கைத்தொலைபேசியால் வந்த வினை என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஓர் ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

நான் போனிலிருந்து தொடங்க மாட்டேன். முரசுமோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் தரம் ஒன்பதுதான். போன மாரியில் பத்திரிகையில் பங்குச்சந்தை பற்றிய பந்தி ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். கடகடவென்று வாசித்தான். பங்கு என்றால் என்ன என்று கேட்டேன். "வயல் பங்கு மாதிரி" என்றான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அதே பத்திரிகையில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்ட செய்தி இருந்தது. "தாழ்நிலப் பிரதேசங்கள்" என்ற இடத்தில் இரண்டு முறை தடக்கினான். முடித்துவிட்டு நிமிர்ந்து, "அப்ப கண்டாவளைப் பக்கம் இண்டைக்கு இரவு தண்ணி ஏறும், அன்ரி" என்றான். செய்தியில் கண்டாவளை என்ற பெயரே இல்லை. இதுதானே கிரகித்தல்!

1988 இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்போல் ஆட்டத்தின் விவரணையை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். முன்பே தெரிந்த ஒன்றில் கொளுவிக்கொண்டால்தான் புதியது மனதில் நிற்கிறது.

இரண்டாவது, எழுத்துத் தமிழ். "மழை குறைந்தபோதிலும் விளைச்சல் குன்றவில்லை" என்று எழுதி, விளைச்சல் என்னவாயிற்று என்று அதே பையனிடம் கேட்டேன். "குறைஞ்சிட்டுது" என்றான். அவன் வாயில் "குறைஞ்சாலும்" உண்டு, "போதிலும்" இல்லை. "குன்ற" என்பதும் இல்லை. எனினும், ஆகையால், மாறாக என்ற சொற்களில்தான் பந்தியின் முழு நியாயமும் தொங்குகிறது. அவற்றை வீட்டில் யார் பேசுகிறார்கள்? வாசித்துக் கேட்டால்தான் காதில் ஏறும். இங்கே பல தாய் தகப்பனின் பள்ளிக்கூடக் காலம் 2008, 2009 இடப்பெயர்வோடு அறுந்து போனது. 2020 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது இந்தப் பிள்ளைகள் தரம் மூன்றிலோ நான்கிலோ இருந்தார்கள். எழுத்துக் கூட்டுவதைத் தாண்டி வாசிக்கப் பழகுகிற வயது அது. ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி மரத்தடியில் நின்ற பிள்ளைகளை மறக்க முடியாது.

ஆகவே பந்தியைக் கொடுக்க முன் ஐந்து நிமிடம் அதைப் பற்றிக் கதையுங்கள். முதல் சில கிழமைகள் முத்தையன்கட்டுக் குளம், துருசு, சிறுபோகம் பற்றி நீங்களே பந்தி எழுதிக் கொடுங்கள். ஒரு வரியைப் பார்த்து எழுத முடியாத கேள்வியாகக் கேளுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தரம் ஒன்பது பெரிய வகுப்பு என்று கூச்சப்பட வேண்டாம், அவர்கள் ஆசையாகக் கேட்பார்கள்.

அப்புறம், பின் வாங்கில் கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்க்கிற பிள்ளை யாராவது இருந்தால் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை மூன்று தவணை "மொக்கு" என்றார்கள். கண்ணாடி போட்ட கிழமையே அவள் முன் வாங்குக்கு வந்துவிட்டாள்.